மேரி போன சாலை

கேன்சஸ் சிட்டி விமான நிலையத்தில் இறங்கி மேற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் லாரன்ஸ் வந்துவிடும். மேட்டின் மேல் கேன்சஸ் பல்கலைக்கழகம், கீழே கடைத்தெருவாக நீளும் மாசசூசெட்ஸ் தெரு, அதன் வடகோடியில் கேன்சஸ் ஆறு. ஆற்றை இங்கே 'கா' என்று ஒற்றை எழுத்தில் கூப்பிடுகிறார்கள். அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். 1863 ஆகஸ்டில் குவான்ட்ரில் என்பவனின் தலைமையில் வந்த அடிமைமுறை ஆதரவுக் கும்பல் இங்கே சுமார் 150 ஆண்களையும் சிறுவர்களையும் சுட்டுக் கொன்று ஊரையே கொளுத்திவிட்டுப் போனது. தெருவுக்குத் தெரு அதற்கு நினைவுப் பலகைகள் இருக்கின்றன.

நான் தேடி வந்தது ஒரு சினிமாவை. 1962இல் வெளிவந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். எடுத்தவர் ஹெர்க் ஹார்வி. அவர் இயக்கிய ஒரே கதைப்படம் இதுதான். படத்தின் நாயகி மேரி ஹென்றி கேன்சஸிலிருந்து யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குத் தனியாகக் காரோட்டிப் போவாள். அவள் புறப்பட்ட ஊரிலிருந்து அவள் போய்ச் சேர்ந்த இடம் வரைக்கும், அதே திசையில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று பெண்கள் போகும் காரை இளைஞர்கள் இருவர் பந்தயத்துக்கு இழுக்கிறார்கள். பாலத்தில் பெண்களின் கார் கிராதியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுகிறது. மூன்று மணி நேரமாகத் தேடியும் கார் அகப்படவில்லை. அந்த நேரத்தில் மேரி மட்டும் உடம்பெல்லாம் சேறோடு மணல்திட்டில் ஏறி வருகிறாள். எப்படிப் பிழைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். சால்ட் லேக் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. போகும் வழியில், இருட்டில், கார்க் கண்ணாடிக்கு வெளியே வெளிறிய முகத்தோடு ஓர் ஆள் தெரிகிறான். அதன் பிறகு அவளை விடவே இல்லை. உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து நிற்கும் ஒரு கேளிக்கை மண்டபமும் அவளை இழுத்துக்கொண்டே இருக்கிறது. கடைசிக் காட்சியை நான் சொல்லப்போவதில்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே பலருக்குப் புரிந்துவிடும், புரிந்த பிறகும் பயம் குறையாது என்பதுதான் இந்தப் படத்தின் சிறப்பு.

லாரன்ஸில் நான் முதலில் போனது மேற்கு ஒன்பதாம் தெருவில் இருக்கும் ஒரு தாழ்வான கட்டிடத்துக்கு. ஹார்வி வேலை பார்த்த சென்ட்ரான் நிறுவனத்தின் ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. பின்னாளில் அது பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து ஓல்ட்ஃபாதர் ஸ்டுடியோஸ் என்று பெயர் மாறியது. வெளியே நின்று பார்த்தால் அலுவலகக் கட்டிடம் மாதிரிதான் இருக்கிறது.

சென்ட்ரான் 1947இல் தொடங்கப்பட்டது. ஹாலிவுட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பள்ளிக்கூடங்களில் போட்டுக் காட்டும் நல்லொழுக்கப் படங்கள், தொழிற்சாலைகளில் காட்டும் பாதுகாப்புப் படங்கள், அரசுத் துறைகளுக்கான விளக்கப் படங்கள் ஆகியவற்றை வருஷம் முழுக்க எடுத்துத் தள்ளிய நிறுவனம். ஹார்வி அங்கே பல்லாண்டு வேலை பார்த்தார். டிராக்டர் நிறுவனம் ஒன்றுக்காக அவர் 1980இல் எடுத்த 'ஷேக் ஹேண்ட்ஸ் வித் டேஞ்சர்' என்ற பாதுகாப்புப் படத்தை இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். இயந்திரத்தில் கை மாட்டுவது, சங்கிலி அறுந்து முகத்தில் அடிப்பது என்று விபத்து மேல் விபத்தாக வரும். மாசசூசெட்ஸ் தெருவில் பென்சில் விற்றுப் பிழைத்த லியோ பியுர்மன் என்ற மாற்றுத்திறனாளியைப் பற்றி சென்ட்ரான் எடுத்த குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

இந்த வேலைப் பழக்கம்தான் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்தின் முதுகெலும்பு என்பது என் எண்ணம். விமர்சகர்கள் ஐரோப்பியக் கலைப்படங்களின் சாயலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் பாதுகாப்புப் படம் எடுப்பவருக்கு ஒரு தனித் திறமை கைவந்திருக்கும். இடம் எதுவோ அதை அப்படியே காட்டுவார். ஆள் எங்கே நிற்கிறார், கை எதைத் தொடுகிறது, அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குழப்பமில்லாமல் வைப்பார். அந்தத் தெளிவோடு ஒரு பேயைக் காட்டினால் எப்படி இருக்கும்? பேயும் தகவல் போலவே வந்து நிற்கும். ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆள் இருக்கிறான், அவ்வளவுதான். வெள்ளைப் புடவையும் கொலுசொலியும் புகைமூட்டமுமாகப் பேயைப் பார்த்து வளர்ந்த நமக்கு, கோட்டு சூட்டு போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி நிற்கும் இந்த ஆள் ரொம்பவே புதுசு. அந்த வேஷத்தைப் போட்டவரும் ஹார்வியேதான்.

படம் பிறந்த விதம் பலமுறை சொல்லப்பட்டது. 1961இல் ஹார்வி கலிஃபோர்னியாவிலிருந்து காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சால்ட் லேக் சிட்டியை நெருங்கும்போது பொழுது சாயும் நேரம். சாலையிலிருந்து தள்ளி, வறண்ட ஏரிப் படுகையில், வெங்காயக் குவிமாடங்களோடு ஒரு பிரம்மாண்டமான மரமண்டபம் ஆளரவமின்றி நின்றது. சால்ட்ஏர். ஊருக்கு வந்ததும் சென்ட்ரானில் உடன் வேலை பார்த்த எழுத்தாளர் ஜான் கிளிஃபோர்டிடம் சொன்னார். கதை எப்படி வேண்டுமானாலும் போகட்டும், கடைசியில் அந்த மண்டபத்தில் செத்தவர்கள் நடனமாட வேண்டும் என்பது ஒன்றுதான் கோரிக்கை. மூன்று வாரத்தில் திரைக்கதை தயார்.

பணம் திரட்டிய கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஹார்வி ஊர் வியாபாரிகளிடம் போய் ஆளுக்கு 500 டாலர் போடுகிறீர்களா என்று கேட்டார். அப்படியே 17,000 டாலர் ரொக்கமாகச் சேர்ந்துவிட்டது. மீதி 13,000 டாலருக்குச் சம்பளத்தையும் மற்றச் செலவையும் பிறகு தருவதாகத் தள்ளிப்போட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய 30,000 டாலர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: ஹிட்ச்காக் சிக்கனமாக எடுத்ததாகப் பேர்பெற்ற 'சைக்கோ'வுக்கு 1960இல் 8 லட்சம் டாலருக்கு மேல் ஆனது. மாசசூசெட்ஸ் தெருவில் நடக்கும்போது, பழைய செங்கல் கட்டிடங்களில் இருக்கும் கடைகளைப் பார்த்து, இதில் எந்தக் கடைக்காரர் 500 டாலர் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே போனேன். பேய்ப்படத்துக்குக் கொடுத்ததாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நமக்குத் தெரிந்த பையன், நன்றாக வேலை செய்பவன், கேட்கிறான் என்று கொடுத்திருப்பார்கள். சின்ன ஊரின் நம்பிக்கைக்கு அந்த அளவு வலு உண்டு.

ஹார்வி அலுவலகத்தில் மூன்று வாரம் விடுப்பு எடுத்தார். விடுப்புக்குள் படப்பிடிப்பை முடித்தாக வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், பெரும்பாலும் சென்ட்ரான்காரர்கள். ஒளிப்பதிவு மாரிஸ் ப்ராதர். நியூயார்க்கிலிருந்து வந்த கேண்டஸ் ஹில்லிகாஸ் நாயகி. லீ ஸ்ட்ராஸ்பெர்கிடம் நடிப்புப் பயின்றவர். அக்கம்பக்கத்து அறைவாசியாக வந்து மேரியைத் தொந்தரவு செய்யும் ஜான் பாத்திரத்தில் சிட்னி பெர்கர். மற்றவர்களில் பலரும் உள்ளூர் முகங்கள். சிலருடைய பேச்சு ஒப்பித்த பாடம் போல இருக்கும். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மேரியைச் சுற்றியிருக்கும் உலகம் அவளுக்குள் இறங்காமல் நிற்பதற்கு அந்த விறைப்பே உதவுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூ ஹாம்ப்ஷயர் தெருவில் ராய்ட்டர் ஆர்கன் கம்பெனியின் பழைய ஆலைக் கட்டிடம் இருக்கிறது. தேவாலயங்களுக்கான பைப் ஆர்கன்களை இந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் இந்தக் கட்டிடத்தில்தான் செய்தது. பிறகு ஊரின் வேறு பக்கம் போய்விட்டது. படத்தின் தொடக்கத்தில் மேரி ஆர்கன் வாசிக்கும் காட்சி இந்த ஆலைக்குள் எடுக்கப்பட்டது. தலைக்கு மேல் எங்கோ உயரத்தில் முடியும் உலோகக் குழாய்கள், அவற்றின் அடியில் சின்ன உருவமாக அவள். செட் போட்டிருந்தால் அந்த ஒரு காட்சிக்கே 30,000 டாலர் போயிருக்கும். ஊரில் ஆர்கன் ஆலை இருந்ததால் நாயகி ஆர்கன் வாசிப்பவள் ஆனாளா, அல்லது அவள் ஆர்கன் வாசிப்பவள் என்பதால் ஆலைக்குப் போனார்களா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இருப்பதை வைத்துச் செய்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

படம் முழுவதும் ஆர்கன்தான் பின்னணி இசை. ஜீன் மூர் என்பவர் அமைத்தது. பயமுறுத்துவதற்கு வயலின் கூட்டத்தை ஓலமிட வைப்பது அந்தக் கால வழக்கம். இங்கே அது இல்லை. தேவாலயத்தில் ஜபத்துக்கு ஒலிக்க வேண்டிய வாத்தியமே நழுவி, திருவிழா ராட்டினத்தின் இசையாகவும் பின்பு பெயர் வைக்க முடியாத வேறொன்றாகவும் மாறிக்கொண்டே போகிறது. தேவாலயத்தில் தனியாகப் பயிற்சி செய்யும்போது மேரியின் கைகள் அவள் பேச்சைக் கேட்காமல் வேறு எதையோ வாசிக்கத் தொடங்கும். பாதிரியார் அதைக் கேட்டு அதிர்ந்து அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அந்தக் காட்சியில் பேய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேலைதான் அவளுக்கு இருந்த ஒரே பிடி. அது கைவிட்டுப் போகிறது.

லாரன்ஸுக்கு வடமேற்கே சற்றுத் தொலைவில் லெகாம்ப்டன். சிற்றூர். கேன்சஸ் இன்னும் மாநிலம் ஆகாத காலத்தில் இதுதான் தலைநகர். அடிமைமுறையை அனுமதிக்கும் அரசமைப்பை 1857இல் எழுதியது இங்கேதான். அந்தக் கட்டிடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே இருந்த தன்னார்வலர், எழுபது தாண்டிய அம்மாள், என்னை லிங்கன் காலத்து ஆராய்ச்சிக்கு வந்தவன் என்று நினைத்துக் காகிதங்களை எடுக்கப் போனார். சினிமாவில் கார் விழுந்த பாலத்தைப் பார்க்க வந்தேன் என்றதும் முகம் மலர்ந்தது. "அந்தப் பாலம் போய்விட்டது. ஆறு அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றார்.

படத்தில் வருவது இரும்புச் சட்டங்களும் மரப்பலகையுமான பழைய பாலம். படம் எடுக்க ஊர் கட்டணம் கேட்கவில்லை. உடைக்கும் கிராதியைத் திரும்பச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இன்று வண்டிகள் போவது வேறு பாலத்தில். கரையில் இறங்கி நின்றேன். அகலமான ஆறு, ஆழமில்லை. மண்ணைக் கரைத்துவிட்டது மாதிரி பழுப்பு நிறத் தண்ணீர். நடுநடுவே மணல்திட்டுகள். நீரோட்டம் வேகமாக இல்லை, ஆனால் கால் வைத்த இடத்தில் மணல் கீழே நகர்வது தெரிந்தது. ஒரு கார் இதில் விழுந்தால் அது கிடந்த இடத்தை ஆறே மூடிவிடும். மேரி ஏறி வரும் காட்சிக்காக ஹில்லிகாஸ் இந்தச் சேற்றில்தான் இறங்கி, ஒட்டிக்கொண்ட உடையோடு தள்ளாடி நடந்தார். கண் எதையும் பார்க்கவில்லை. பாதுகாப்புப் படக்காரர்களின் கண் அங்கே வேலை செய்கிறது. இசையை ஏற்றாமல், முகத்தை நெருங்காமல், தூரத்தில் நின்று அந்த நடையை மட்டும் காட்டுகிறார்கள்.

லாரன்ஸிலிருந்து சால்ட் லேக் சிட்டி 1,700 கிலோமீட்டருக்கு மேல். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் டென்வர் வரை, அங்கிருந்து வடக்கே ஏறி 80ஆம் எண் நெடுஞ்சாலையில் வயோமிங் முழுக்கக் கடக்க வேண்டும். 1961இல் இந்த நெடுஞ்சாலைகள் துண்டு துண்டாகத்தான் முடிந்திருந்தன. மேரி பழைய சாலைகளில் போயிருப்பாள். கேன்சஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோதுமை, தானியக் கிடங்குகள், மறுபடி கோதுமை. வயோமிங் வேறு. லாரமிக்குக் கிழக்கே சாலை 2,600 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மரம் இல்லை, வீடு இல்லை, சாலையோரம் பனியைத் தடுக்கும் மரவேலிகள் மட்டும் வரிசை வரிசையாக. காற்று ஸ்டியரிங்கைப் பிடுங்குகிறது. ரேடியோ நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து இரைச்சலாகிவிடுகின்றன. படத்தில் மேரி எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும் ஆர்கன் இசை மட்டுமே வரும். வீட்டு சோஃபாவில் இருந்து பார்த்தபோது அது நல்ல உத்தி என்று நினைத்திருந்தேன். ராலின்ஸுக்கு அப்பால் இருட்டத் தொடங்கியதும் நான் ரேடியோவைத் தொடவே இல்லை.

கார்க் காட்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய ஸ்டுடியோ வழக்கப்படி, நிற்கும் காருக்குள் நடிகரை உட்கார வைத்துப் பின்னால் திரையில் ஓடும் சாலையைப் போடுவார்கள். அதற்கான வசதியோ பணமோ இவர்களிடம் இல்லை. செய்திப்படக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆரிஃப்ளெக்ஸ் கேமராவோடு நேராக ஓடும் காருக்குள்ளேயே ஏறிக்கொண்டார்கள். பேட்டரியில் இயங்கும் கேமரா. அதே கேமரா இருந்ததால் தண்டவாளம், ட்ராலி எதுவும் இல்லாமல் நடந்தபடியே எடுக்கவும் முடிந்தது. இல்லாமையால் வந்த இந்த ஏற்பாட்டின் பலன் திரையில் தெரிகிறது. கண்ணாடிக்கு வெளியே ஓடும் இருட்டு நிஜமான இருட்டு. அதனால்தான் அதில் ஒரு முகம் வந்து நிற்கும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து மேற்கே 80ஆம் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம். வெளியேறும் வழி எண் 104. ஒருபக்கம் தாமிர ஆலையின் 370 மீட்டர்ப் புகைபோக்கி வானத்தைத் தொட்டு நிற்கிறது. மறுபக்கம் வெண்மையும் சாம்பலுமாக ஏரிப் படுகை. அங்கே தங்கநிறக் குவிமாடங்களோடு ஒரு கட்டிடம். பெயர்ப்பலகை சால்ட்ஏர் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஹார்வி பார்த்தது இது இல்லை.

முதல் சால்ட்ஏர் 1893இல் கட்டப்பட்டது. மோர்மன் திருச்சபையும் ரயில் நிறுவனமும் சேர்ந்து, குடும்பத்தோடு கௌரவமாகப் பொழுதுபோக்க ஓர் இடம் வேண்டும் என்று எழுப்பியவை இந்த மண்டபமும் குளியல் அறைகளும். வடிவமைத்தவர் ரிச்சர்ட் க்ளெட்டிங். யூட்டாவின் சட்டமன்றக் கட்டிடமும் அவர் கைவண்ணமே. ஏரிக்குள் 2,000க்கும் மேற்பட்ட மரத்தூண்களை அறைந்து அவற்றின் மேல் நின்றது மண்டபம். நகரத்திலிருந்து ரயிலேறி வந்து, உப்பு நீரில் மூழ்காமல் மிதந்துவிட்டு, மாலையில் நடனமாடித் திரும்புவார்கள். 1925 ஏப்ரலில் அது எரிந்துபோனது. அதே இடத்தில் இரண்டாவது சால்ட்ஏரைக் கட்டினார்கள். 1930களில் ஏரி பின்வாங்கி, நீராட வந்தவர்கள் தண்ணீரைத் தேடி நடக்க வேண்டியதாயிற்று. போர்க்காலத்தில் மூடிக் கிடந்தது, பிறகு திறந்தாலும் கூட்டம் சேரவில்லை. 1958இல் ஒரேயடியாக மூடினார்கள். ஹார்வியின் கண்ணில் பட்டது அந்தப் பாழ். படப்பிடிப்புக்கு அவர் கொடுத்த வாடகை 50 டாலர். 1970 நவம்பரில் யாரோ தீ வைத்து அதுவும் சாம்பலானது. இன்று நிற்கும் மூன்றாவது சால்ட்ஏர் 1981இல் விமானப்படையின் பழைய கொட்டகை ஒன்றை வைத்துக் கட்டியது. கட்டி முடித்த சில வருஷத்துக்குள் ஏரி ஏறி வந்து அதை மூழ்கடித்தது. வடிந்தபின் 1993இல் மறுபடி திறந்தார்கள். இப்போது இசைக் கச்சேரிகள் நடக்கின்றன.

கட்டிடத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஏரியை நோக்கி நடந்தேன். தண்ணீர் எங்கோ தொலைவில் ஒரு கோடாகக் கிடந்தது. காலடியில் உப்புப் பொருக்கு மொறுமொறுவென்று உடைகிறது. சில இடங்களில் அடியில் கறுப்புச் சேறு. முட்டை அழுகிய வாடை. கரையோர மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தேன். நம் கடற்கரை மணல் போல முனையுள்ளது இல்லை, கசகசா மாதிரி ஒவ்வொரு மணியும் உருண்டையாக இருக்கிறது. நுண்ணிய துகள்களின் மேல் சுண்ணாம்புச் சத்து அடுக்கடுக்காகப் படிந்து ஏரியே உருட்டிச் செய்த மணல் அது. நீரோரத்தை நெருங்கியதும் கறுப்புப் பட்டையாகக் கிடந்த ஏதோ ஒன்று நகர்ந்தது. உப்பு ஈக்கள், லட்சக்கணக்கில். கடிப்பதில்லை, மேலே உட்காருவதும் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பட்டை அலை மாதிரி விலகி வழிவிட்டு, நான் கடந்ததும் பின்னால் மூடிக்கொண்டது.

பழைய மண்டபம் நின்ற இடம் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி. அங்கே மரத்தூண்களின் அடிக்கட்டைகள் சில இன்னும் மண்ணிலிருந்து முளைத்து நிற்கின்றன. உப்பு ஏறி வெளுத்துக் கல்லாக இறுகிப்போன மரம். இவற்றின் மேல் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆடும் தளம் இருந்தது என்றால் நம்பக் கஷ்டம். படத்தில் அந்தத் தளம் இருக்கிறது. பகலில் மேரி தனியாக வந்து காலி மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கிறாள். நிழலும் வெளிச்சமும் கம்பி கம்பியாக விழும் நடைபாதைகள். யாரும் உட்காராத சறுக்குமரத்தில் ஒரு பாய் தானாகச் சறுக்கி இறங்கும். அதற்கு விளக்கம் கிடையாது. இரவில் அதே தளத்தில் வெள்ளை முகங்கள் ஜோடி ஜோடியாகச் சுழலும். வேகம் கூட்டப்பட்ட அந்த நடனம் ஒரு நிமிடம் வேடிக்கையாகவும் மறுநிமிடம் பார்க்க முடியாததாகவும் இருக்கும். தூண்களுக்கு நடுவே அவள் ஓடுவாள், துரத்துவார்கள். மறுநாள் போலீசும் டாக்டரும் பாதிரியாரும் வந்து மணலில் அவளது காலடித் தடங்களைப் பார்ப்பார்கள். தடங்கள் வெட்டவெளியில் சட்டென்று முடிந்திருக்கும்.

நான் அதே படுகையில் திரும்பிப் பார்த்தபோது என் தடங்கள் நெடுஞ்சாலை வரை தெளிவாகத் தெரிந்தன. மறைய இங்கே எதுவுமே இல்லை. ஒரு புதர்கூடக் கிடையாது. கண்ணுக்கு எல்லாம் தெரியும் இடத்தில் ஒருத்தி காணாமல் போகிறாள் என்று எழுத கிளிஃபோர்டுக்குத் தோன்றியதற்கு இந்த நிலமே காரணமாக இருந்திருக்க வேண்டும். பேய்ப்படங்கள் பெரும்பாலும் மறைவை நம்புகின்றன. கதவு, திரைச்சீலை, மாடிப்படி. இந்தப் படம் வெளியை நம்புகிறது. மேரிக்கு அவ்வப்போது நேரும் ஒரு விபரீதமும் அப்படித்தான். துணிக்கடையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வருவாள், உலகத்தின் சத்தம் முழுவதும் நின்றுபோயிருக்கும். பேசுவாள், கடைக்காரப் பெண் திரும்ப மாட்டாள். தெருவில் ஜனங்கள் அவளைக் கடந்து போவார்கள். பட்டப்பகல், நெரிசல், அவள் மட்டும் இல்லை. பூங்காவில் ஒரு பறவை கத்தியதும் சத்தம் திரும்பும். ஒலிப்பட்டையை நிறுத்தியதைத் தவிர அதற்கு வேறு செலவு இல்லை. என்னைப் பொறுத்தவரை திகில் சினிமா கண்டுபிடித்த மிகச் சிறந்த காட்சிகளில் அது ஒன்று. தனியாக வாழ்ந்து, தனியாக வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை ஊர் எப்படிப் பார்க்காமல் இருந்துவிடுகிறது என்பதை 1962இலேயே அது சொல்லிவிட்டது.

படத்துக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. 1962 செப்டம்பரில் லாரன்ஸில் முதல் காட்சி. பிறகு ஹெர்ட்ஸ்-லயன் என்ற விநியோக நிறுவனம் வாங்கி, நிமிடங்களைக் குறைத்து, திறந்தவெளித் திரையரங்குகளில் இரட்டைப் படக் காட்சியில் ஒன்றாக ஓட்டியது. நிறுவனம் திவாலானது. எடுத்தவர்களுக்குப் பணம் வந்து சேரவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பிரதியில் காப்புரிமைக் குறிப்பு அச்சாகியிருக்க வேண்டும். அது விட்டுப்போனதால் படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஆறு வருஷம் கழித்து பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கும் தலைப்பு மாற்றிய குளறுபடியில் இதே கதிதான். அவரும் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கியது அவருடைய படம். ரொமேரோ தன் மேல் தாக்கம் செலுத்திய படங்களில் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

உரிமை போனதால் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் இதை நள்ளிரவில் இலவசமாகப் போட்டுப் போட்டுத் தேய்த்தன. தூக்கம் வராமல் அதைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து அதைப் பற்றி எழுதினார்கள். 1989இல் படம் மறுபடி திரையரங்குக்கு வந்தது. நட்டம்தான் படத்தைக் காப்பாற்றியது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. படம் பிழைத்தது, சரி. ஆனால் அதிலிருந்து நாலு காசு வந்திருந்தால் ஹார்வி இரண்டாவது கதைப்படத்தை எடுத்திருப்பார், மூன்றாவதையும் எடுத்திருப்பார். அவர் சென்ட்ரானுக்குத் திரும்பிப்போய்ப் பாதுகாப்புப் படங்களைத் தொடர்ந்தார். 1983இல் ஒளிபரப்பான, அணுகுண்டுப் போரைப் பற்றிய 'தி டே ஆஃப்டர்' தொலைக்காட்சிப் படத்தை லாரன்ஸில் எடுத்தபோது ஒரு விவசாயியாக வந்து போனார். தன் படத்துக்கு மரியாதை திரும்பியதைப் பார்த்துவிட்டு 1996இல் காலமானார். நமக்குக் கிடைக்காமல் போன அந்த இரண்டாவது படம்தான் உண்மையான நட்டம்.

ஏரியும் போய்க்கொண்டிருக்கிறது. வந்து சேரும் ஆறுகளின் நீரை வயலுக்கும் ஊருக்கும் திருப்பிவிட்டதால் 2022 நவம்பரில் அது பதிவான வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. காய்ந்த படுகையிலிருந்து கிளம்பும் தூசியில் ஆர்செனிக் இருப்பதால் நகரத்து மக்கள் கவலையில் இருக்கிறார்கள். சால்ட்ஏரின் கட்டைகளைப் பார்க்க விரும்புபவர்கள் மாலையில் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கட்டைகளைப் பெயர்த்து எடுக்காதீர்கள், மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான்.

போக முடியாதவர்களுக்குப் படம் இருக்கிறது. 78 நிமிடம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகள் பல மங்கலானவை, இருட்டுக் காட்சிகளில் ஒன்றும் தெரியாது. க்ரைட்டீரியன் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட பிரதியைத் தேடிப் பிடியுங்கள். இரவில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். துணிக்கடைக் காட்சியில் சத்தம் நிற்கும்போது உங்கள் கருவியில் கோளாறு இல்லை.